வீட்டுக்கு வெந்நீர்த் தொட்டி வாங்குமுன்...



விலைவாசி, வரிக் கணக்கு, தராசு முத்திரை என்று வரும் இந்தப் பக்கங்களில் குளியல் தொட்டிக்கு என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். காலையில் கடை திறந்தது முதல் இரவு பூட்டும்வரை நின்றே பிழைக்கிறவர்கள் நாம். ஐம்பதைத் தாண்டிய வணிகர் நால்வர் ஓரிடத்தில் கூடினால், சரக்கு விலை பேசி முடித்ததும் பேச்சு முழங்காலுக்கும் இடுப்புக்கும் வந்துவிடுகிறது. அந்த வலியை நம்பி இன்று ஒரு பெரிய வியாபாரமே நடக்கிறது. எனவே இதுவும் நம் பக்கத்துக்கு உரிய பொருள்தான்.

சென்ற மார்கழியில் சென்னையிலிருந்து நம் மகன் ஒரு விலைப்பட்டியலோடு உத்திரமேரூருக்கு வந்தான். "அம்மாவுக்கு முழங்கால், உங்களுக்கு இடுப்பு. மாடியில் ஒரு வெந்நீர்த் தொட்டி வைத்துவிடலாம் அப்பா. நாலு பேர் உட்காரலாம். மோட்டார் தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கும். நீங்கள் சரி என்றால் முன்பணம் கட்டிவிடுகிறேன்" என்றான். பிள்ளையின் அக்கறை மகிழ்ச்சிதான். ஆனால் வெந்நீர் என்றதும் நமக்கு வேறொரு நினைவு வந்தது.

நம் தமையனாருக்கு இருபது ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். ஓர் ஐப்பசி மழை நாளில் கிடங்கிலிருந்து நனைந்து வந்தவர், கால் குடைச்சல் என்று அன்னக்கூடையில் வெந்நீர் ஊற்றிக் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். சூடு போதவில்லை என்று இன்னும் இரண்டு சொம்பு ஊற்றச் சொன்னார். அண்ணியாரும் ஊற்றினார். காலை எடுத்தபோது தோல் கழன்று வந்தது. அவருக்கு அதுவரை எதுவும் தெரியவில்லை. நான்கு மாத வைத்தியத்துக்குப் பிறகு வலது காலில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். அதன்பின் அவர் கிடங்குப் பக்கம் வரவே இல்லை.

ஆகவே முன்பணம் கட்டுவதைத் தள்ளிவைத்து, மருத்துவர், பொறியாளர், மின்பணியாளர் என்று தெரிந்தவர்களிடமெல்லாம் விசாரித்தோம். அறிந்ததை வரிசையாகத் தருகிறோம்.

முதலில் ஆள், பிறகு தொட்டி

நம் ஊர் வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டை அறியாதவர் இல்லை. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆம் ஆண்டுகளில், குடவோலை முறைக்கு விதி வகுத்துப் பொறித்தார்கள். ஓலையில் யார் பெயரை எழுதலாம் என்பதோடு, யார் பெயரை எழுதக் கூடாது என்பதையும் அதில் விரிவாகச் சொன்னார்கள். கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் அறவே கூடாது. தகாதவரை விலக்கிய பிறகுதான் குடத்துக்குள் ஓலை போகும். வெந்நீர்த் தொட்டிக்கும் அதே முறை பொருந்தும். யார் இறங்கக் கூடாது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

1. சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள். இவர்களுக்குச் சூடு தெரியாது. கொப்புளம் கண்ட பிறகுதான் தெரியும். பாத வெந்நீரும் கூடாது.

2. இதய நோய் உள்ளவர்கள், ரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவர்கள். வெந்நீர் ரத்தக் குழாய்களை விரித்து அழுத்தத்தைக் குறைக்கிறது. அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர் தொட்டியிலிருந்து சட்டென்று எழுந்தால் தலைசுற்றி விழ நேரும். மருத்துவர் சம்மதம் இன்றி இறங்கலாகாது.

3. கர்ப்பிணிகள், ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள்.

4. காலில் நரம்பு சுருண்டு புடைத்திருப்பவர்கள். நின்று வேலை செய்யும் நம்மவரில் இது சகஜம். சூடு பட்டால் அந்த நாளங்கள் மேலும் விரியும். கனமும் வீக்கமும் கூடலாம். இவர்களுக்குக் காலை உயர்த்தி வைப்பதும், மருத்துவர் சொல்லும் இறுக்கமான காலுறையுமே ஏற்றவை.

5. ஒரே காலில் கெண்டைச் சதை திடீரென வீங்கி வலிப்பவர்கள். ரத்தம் உறைந்திருக்கக்கூடும். வெந்நீரோ தைலமோ போட்டு நேரம் கடத்தாமல் அன்றே மருத்துவமனை செல்ல வேண்டும்.

6. ஆறாத புண், காய்ச்சல் உள்ளவர்கள். புதிதாகச் சுளுக்கியவர்களும் முதல் இரண்டு நாட்களுக்குச் சூடு காட்டக் கூடாது.

7. மது அருந்தியவர்கள், தூக்க மாத்திரை போட்டவர்கள். தொட்டியிலேயே கண்ணயர்ந்து மூழ்கியவர்கள் உண்டு.

சர்க்கரை உள்ளவர்களுக்குப் பாத உணர்ச்சியைச் சோதிப்பது சில நிமிட வேலை. மெல்லிய நைலான் இழை ஒன்றைப் பாதத்தில் பல இடங்களில் வைத்து அழுத்துவார்கள். கண்ணை மூடிக்கொண்டு, தெரிகிறது, தெரியவில்லை என்று சொன்னால் போதும். நமக்கும் எட்டு ஆண்டுகளாகச் சர்க்கரை உண்டு. கட்டுக்குள் இருக்கிறது என்று பெருமையாக நினைத்திருந்தோம். சோதித்தபோது இடது பாதத்தில் இரண்டு இடங்களில் இழை பட்டது நமக்குத் தெரியவில்லை. மருத்துவர் திரும்பவும் வைத்துப் பார்த்தார். அப்போதும் தெரியவில்லை. தொட்டி வாங்கக் கிளம்பிய நாமே தகுதி இழந்தவர் ஆனோம். தமையனாரின் வழியில் நாமும் பாதித் தூரம் வந்துவிட்டோம் என்பது தொட்டியை விசாரிக்கப் போனதால்தான் தெரிந்தது.

வெந்நீர் செய்வதும் செய்யாததும்

வெந்நீர் இறுகிய தசையைத் தளர்த்தும். மூட்டின் விறைப்பைச் சற்று நேரம் குறைக்கும். மாலையில் பதினைந்து நிமிடம் அமர்ந்தால் இரவு நல்ல உறக்கம் வரும். இடுப்பளவு நீரில் நிற்கும்போது உடல் எடையில் ஏறத்தாழப் பாதியைத் தண்ணீரே தாங்கிக்கொள்கிறது. அதனால் தரையில் செய்ய முடியாத பயிற்சியை முழங்கால் வலி உள்ளவர் நீரில் செய்ய முடிகிறது.

ஆனால் தேய்ந்த மூட்டு வெந்நீரால் வளராது. முழங்கால், இடுப்பு மூட்டுத் தேய்மானத்துக்கு நீரில் செய்யும் பயிற்சி சிறிய அளவில், சில காலத்துக்கு, நிவாரணம் தருகிறது என்பதே ஆராய்ச்சிகளில் கண்டது. அங்கும் பலன் பயிற்சியால் வருவது. சும்மா உட்கார்ந்திருப்பதால் மட்டும் அல்ல. தொடைத் தசையை வலுப்படுத்தும் பயிற்சியும் எடைக் குறைப்புமே முழங்காலுக்கு முதல் மருந்து. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், தேவைப்படுவோர் வீட்டுக்கே இயன்முறை சிகிச்சையாளர் வந்து பயிற்சி கற்றுத்தருகிறார். இதற்குக் கட்டணம் இல்லை.

நீர் சிகிச்சையை முறைப்படி எடுக்க விரும்புவோர், சென்னை அரும்பாக்கத்தில் 2000 ஆம் ஆண்டு முதல் இயங்கும் அரசு யோகா மற்றும் இயற்கை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை நாடலாம். நமக்கு அருகிலேயே செங்கல்பட்டிலும் அத்தகைய அரசு நிறுவனம் உள்ளது. வீட்டில் தொட்டி வாங்குமுன் அங்கே ஒருமுறை சிகிச்சை பெற்று, உடம்பு ஏற்கிறதா என்று பார்ப்பது நல்லது. மாதிரி பார்க்காமல் மூட்டை பிரிக்கும் வழக்கம் நம் தொழிலில் இல்லையே.

உப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்துப்பு, எப்சம் உப்பு இவற்றைத் தொட்டியில் கரைத்தால் தோல் வழியே உள்ளே போய் வலியை எடுக்கும் என்கிறார்கள். அதற்கு உறுதியான சான்று இல்லை. இந்துப்பை மூட்டைக் கணக்கில் விற்கிறவர்கள் நாம். இருந்தாலும் உள்ளதைச் சொல்ல வேண்டும். நொச்சித் தழை போட்டுக் காய்ச்சிய நீர் நம் வீடுகளில் வழிவழியாக வந்தது. மணத்துக்கும் இதத்துக்கும் அது போதும்.

பீய்ச்சும் தொட்டி பிறந்த கதை

பலர் 'ஜக்குசி' என்று சொல்வது உண்மையில் ஒரு குடும்பத்தின் பெயர். இத்தாலியிலிருந்து அமெரிக்காவின் கலிபோர்னியாவுக்குப் பிழைக்கப் போன சகோதரர்கள், விவசாயக் கிணறுகளுக்குப் பம்பு செய்து விற்றுவந்தார்கள். அவர்களில் கேண்டிடோ என்பவரின் மகன் கென்னத்துக்குச் சிறு பிராயத்திலேயே முடக்குவாதம். மருத்துவமனையில் சுழல்நீர்த் தொட்டியில் உட்கார வைத்தால் பிள்ளைக்கு வலி தணிந்தது. தினமும் அங்கே தூக்கிப்போக முடியவில்லை. பம்புத் தொழில் தெரிந்த தகப்பனார் 1940-களின் இறுதியில், வீட்டிலிருந்த சாதாரணக் குளியல் தொட்டிக்குள் இறக்கி வைக்கும் சிறு பம்பு ஒன்றைச் செய்தார். 1956 இல் அது ஜே-300 என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. பம்பும் தொட்டியும் ஒன்றாக இணைந்த பெரிய தொட்டி 1968 இல்தான் வந்தது.

ஆக, நோய்க்காகச் செய்யப்பட்டது சிறிய பம்பு. சொகுசுக்காக வந்தது பெரிய தொட்டி. விற்பனையாளர் இரண்டையும் ஒரே பேச்சில் சொல்லும்போது இந்த வேறுபாட்டை நாம் நினைவில் வைக்க வேண்டும்.

நான்கு வகை

முதல் வகை, பாதத் தொட்டி. 15 லிட்டர் நீர் பிடிக்கும் அகன்ற பிளாஸ்டிக் தொட்டியே போதும். கால் அசதிக்கு இதற்கு மேல் தேவையில்லை.

இரண்டாவது, இடுப்புத் தொட்டி. நாற்காலிபோல் சாய்ந்து உட்கார, காலும் முதுகும் வெளியே இருக்க, இடுப்பு மட்டும் நீரில் இருக்கும். ஜெர்மானியர் லூயி கூனே பரப்பிய முறை. காந்தியடிகள் விரும்பிக் கையாண்டது. 40, 50 லிட்டரில் முடிந்துவிடும். மூலம், அடிவயிற்று வலி போன்றவற்றுக்கு இயற்கை மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். வெந்நீரா தண்ணீரா என்பதை அவர்களே முடிவு செய்ய வேண்டும்.

மூன்றாவது, ஒருவர் உடலை நீட்டி உட்காரும் குளியல் தொட்டி. அக்ரிலிக், கண்ணாடி இழை இரண்டிலும் கிடைக்கிறது. சுமார் 250 லிட்டர் பிடிக்கும். குளித்து முடித்ததும் நீரைத் திறந்துவிடலாம்.

நான்காவது, நம் மகன் சொன்ன பீய்ச்சும் தொட்டி. நாலு பேருக்கானது 1,000 லிட்டருக்குக் குறையாது. நீரை மாற்றாமல் வாரக்கணக்கில் வைத்துச் சூடாக்கி, வடிகட்டி, மருந்து போட்டுப் பயன்படுத்துவது. குளிர் தேசத்து வீடுகளுக்காகச் செய்யப்பட்டது.

நம் ஊரில் சித்திரை, வைகாசியில் மாடித் தொட்டித் தண்ணீரே மதியத்தில் கையைச் சுடுகிறது. வெளியே 40 டிகிரி அடிக்கும்போது 40 டிகிரி நீரில் உட்காருவது உடம்புக்குப் பாரமே தவிர சிகிச்சை அல்ல. மழைக்காலமும் பனிக்காலமும் சேர்த்து நாலைந்து மாதம்தான் இதற்குப் பயன். மீதி மாதங்களில் போட்ட முதல் சும்மா கிடக்கும்.

வணிகர் கணக்கு

ஒரு லிட்டர் நீரை ஒரு டிகிரி சூடாக்க ஒரு கிலோ கலோரி வெப்பம் வேண்டும். மின்சாரம் ஒரு யூனிட் என்பது 860 கிலோ கலோரி. குழாய் நீர் 28 டிகிரி, தேவை 40 டிகிரி என்று கொண்டால் ஏற்ற வேண்டியது 12 டிகிரி.

பாதத் தொட்டி 15 லிட்டர்: 180 கிலோ கலோரி, கால் யூனிட்டுக்கும் குறைவு.

தனியாள் தொட்டி 250 லிட்டர்: 3,000 கிலோ கலோரி, மூன்றரை யூனிட்.

பீய்ச்சும் தொட்டி 1,200 லிட்டர்: 14,400 கிலோ கலோரி, ஏறத்தாழ 17 யூனிட். இது முதல் சூட்டுக்கு மட்டும். பிறகு ஆறுகிற சூட்டை ஈடுகட்டவும் மோட்டார் ஓடவும் தினமும் ஆகும் செலவு தனி. அலகு கூடக் கூட விகிதமும் ஏறும் அடுக்கு முறையில் நம் வீட்டு மின்கட்டணம் இருப்பதை மறக்கக் கூடாது.

வீட்டிலுள்ள கீசர் போதுமா? 25 லிட்டர் கீசரில் 60 டிகிரிக்குக் காய்ந்த நீரைப் பச்சைத் தண்ணீரோடு கலந்தால் 40 டிகிரி நீர் சுமார் 65 லிட்டர் கிடைக்கும். தனியாள் தொட்டியை நிரப்ப நாலு தடவை காய்ச்ச வேண்டும். 2 கிலோவாட் கீசரில் தடவைக்கு அரை மணி. கடைசித் தடவை காய்வதற்குள் முதல் தண்ணீர் ஆறிவிடும். ஆனால் 100 லிட்டர் சூரிய வெந்நீர்க் கலன் 60 டிகிரியில் இருந்தால், ஒரே தடவையில் 260 லிட்டருக்கு மேல் கிடைக்கும். தொட்டிக்கு முன்னால் சூரியக் கலனை வாங்குவதே லாபம்.

எடைக் கணக்கு இதைவிட முக்கியம். 1,200 லிட்டர் நீர் என்றால் 1,200 கிலோ. தொட்டியும் ஆட்களும் சேர்ந்தால் 1,600 கிலோவைத் தாண்டும். ஐம்பது கிலோ அரிசி மூட்டை 32-ஐ மாடியில் ஒரே இடத்தில் அடுக்குவதற்குச் சமம். நாலு சதுர மீட்டர் இடத்தில் அது சதுர மீட்டருக்கு 400 கிலோ. ஆட்கள் நடமாடும் மொட்டை மாடிக்கு இந்தியத் தர நிர்ணயம் கணக்கிடும் சுமை சதுர மீட்டருக்கு 150 கிலோ அளவுதான். வீட்டு அறைக்கு 200. கட்டடப் பொறியாளர் பார்த்து எழுதித் தராமல் மாடியில் எந்தத் தொட்டியும் ஏற்றக் கூடாது. தரைத் தளமே உத்தமம்.

மின்சாரமும் தண்ணீரும்

ஈர உடம்புக்கு அருகில் மின்சாரம் வருகிறது. சரியான எர்த், 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் மின்கசிவுத் தடுப்பு சுவிட்ச் இரண்டும் கட்டாயம். சுவிட்ச், பிளக் எதுவும் தொட்டியிலிருந்து கை எட்டும் தூரத்தில் இருக்கக் கூடாது. கீசரில் ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்க வேண்டும். ஹீட்டர் ராடை நீரில் வைத்துக்கொண்டே காலை வைப்பவர்கள் நம் கிராமங்களில் இன்னும் இருக்கிறார்கள். அது உயிர் போகிற வேலை. பிளக்கைப் பிடுங்கி, ராடை வெளியே எடுத்த பிறகுதான் நீரைத் தொட வேண்டும்.

நீரை மாற்றாமல் வைக்கும் தொட்டியில் வெதுவெதுப்புக்குக் கிருமி பெருகும். தோலில் கொப்புளமும், ஆவி வழியாக நுரையீரல் காய்ச்சலும் வந்த நிகழ்ச்சிகள் வெளிநாடுகளில் உண்டு. பத்து லட்சத்தில் 3 பங்குக்குக் குறையாமல் குளோரினும், 7.0 முதல் 7.8 வரை பி.ஹெச். அளவும் இருக்கிறதா என்று சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும். கடைக்குப் போகிற அவசரத்தில் இதை யார் செய்வது? போர் தண்ணீரின் உப்பு ஹீட்டரிலும் பீய்ச்சும் துளைகளிலும் படிந்து அடைப்பது வேறு.

ஒவ்வொரு தடவையும் திறந்துவிடும் தனியாள் தொட்டிக்கு மருந்து வேண்டாம். சோப்பு போடாத அந்த 250 லிட்டரும் ஆறிய பிறகு தென்னைக்கும் வாழைக்கும் போகும். தண்ணீரை லாரியில் வாங்கிய கோடைகளைப் பார்த்தவர்களுக்கு இது சின்ன விஷயம் அல்ல.

ஏறி இறங்கும் வழி

முழங்கால் வலிக்காக வாங்கும் தொட்டிக்குள் இறங்கவே முழங்காலை மடக்கித் தூக்க வேண்டியிருக்கிறது! விற்பனை அறையில் இதை யாரும் சொல்வதில்லை. யார் பயன்படுத்தப் போகிறாரோ அவரைக் கடைக்கு அழைத்துப்போய், வெறும் தொட்டியில் இரண்டு தடவை ஏறி இறங்கச் சொல்லிப் பார்க்க வேண்டும். சுவரில் நன்றாகப் பதித்த கைப்பிடி, வழுக்காத அடிப்பரப்பு, பக்கத்தில் உட்கார்ந்து காலைத் திருப்பி உள்ளே விட ஒரு திண்ணை ஆகிய மூன்றும் வேண்டும். பக்கவாட்டில் கதவு வைத்த தொட்டிகளும் உண்டு. ஆனால் நீர் முழுதும் வடியும்வரை உள்ளேயே குளிரில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

சூட்டுக்கு மேல்வரம்பு 40 டிகிரி. வெப்பமானி வைத்துப் பார்க்க வேண்டும், கைக்கணக்கு உதவாது. முதல் நாள் பத்து நிமிடம், பிறகு பதினைந்து. கதவைத் தாழிடக் கூடாது. எழுமுன் தொட்டி விளிம்பில் சற்று உட்கார்ந்து, பிறகு எழ வேண்டும்.

பில்லும் பொறுப்பும்

வீட்டு உபயோகத்துக்கு வாங்கும் தொட்டியைக் கடையின் ஜி.எஸ்.டி. எண்ணில் பில் போட்டு உள்ளீட்டு வரி எடுக்கலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். சொந்த உபயோகப் பொருளுக்கு அந்த வரவு கிடையாது. பின்னால் வட்டியோடு கட்ட நேரிடும். ஒழுங்கான பில்லை நம் சொந்தப் பெயரில் வாங்க வேண்டும். தொட்டி, மோட்டார், ஹீட்டர் ஒவ்வொன்றுக்கும் உத்தரவாதம் தனித்தனியே எத்தனை ஆண்டு, பழுது பார்ப்பவர் காஞ்சிபுரத்திலோ செங்கல்பட்டிலோ இருக்கிறாரா, உதிரி பாகம் எங்கே கிடைக்கும் என்பதை எழுத்தில் பெற வேண்டும். நமக்குத் தெரிந்த ஒருவர் வீட்டில் மோட்டார் பழுதாகி, ஆள் வராமலே ஒன்றரை வருடம் ஓடிவிட்டது. இப்போது அந்தத் தொட்டியில் விதை நெல் மூட்டை கிடக்கிறது. 2019 ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே முறையிடலாம். அதற்கும் பில்தான் ஆதாரம்.

நம் வீட்டில் முடிவானது

நம் இல்லத்தரசிக்குச் சர்க்கரை இல்லை. ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது. மருத்துவர் சம்மதித்தார். தரைத் தளக் குளியலறையில் 250 லிட்டர் கண்ணாடி இழைத் தொட்டி, பக்கத்தில் திண்ணை, சுவரில் கைப்பிடி, மாடியில் 100 லிட்டர் சூரியக் கலன், மின்கசிவுத் தடுப்பு சுவிட்ச் என்று முடித்தோம். எல்லாம் சேர்த்தும் மகன் கொண்டுவந்த பட்டியலின் தொகையில் பாதியை எட்டவில்லை. வாரத்தில் மூன்று மாலை அவர் அமர்கிறார். காலையில் தவறாமல் பயிற்சி செய்கிறார். மாடிப்படி ஏறும்போது முன்போல் நின்று நின்று ஏறுவதில்லை. வலி போய்விட்டது என்று நாம் எழுத மாட்டோம், குறைந்திருக்கிறது.

நமக்கு வெந்நீர் இல்லை. தினமும் இரவில் பாதத்தைக் கண்ணாடி வைத்துப் பார்க்கிறோம். வெறுங்காலோடு கிடங்குக்குள் போவதை நிறுத்திவிட்டோம். கல்லாவுக்குப் பின்னால் ஓர் உயர நாற்காலி போட்டாயிற்று. இடுப்பு வலிக்கு அந்த நாற்காலியே பாதி மருந்தாக இருக்கிறது.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பது பெரியோர் வாக்கு. சூடு தெரியாமலும் காலை விடக் கூடாது. ஆகவே சர்க்கரை உள்ள வணிக நண்பர்கள், தொட்டி வாங்கினாலும் வாங்காவிட்டாலும், இந்த வாரம் ஒரு நாள் அரை மணி முன்னதாகக் கடையை அடைத்துவிட்டு அருகிலுள்ள மருத்துவரிடம் பாத உணர்ச்சியைச் சோதித்துக்கொள்ளுமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறோம். நம் தமையனாருக்கு அந்தச் சோதனையைச் செய்துகொள்ளும்படி சொல்ல அன்று ஆள் இல்லை.